அமெரிக்கப் பழமைவாத இயக்கம்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசின் தலையீட்டைக் குறைக்கச் சொல்லும் அமெரிக்கப் பழமைவாத இயக்கத்தின் வரலாற்றை 1980-இல் தொடங்குவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ரொனால்ட் ரீகன் 44 மாநிலங்களை வென்றார். அதனால் எல்லாமே அவரிடமிருந்துதான் கிளம்பியது போலத் தோன்றும். என்னைக் கேட்டால், 1964-ஐ முதலில் படியுங்கள் என்பேன். அது படுதோல்வியின் ஆண்டு.

பழமைவாதிகளின் வேட்பாளரான, குடியரசுக் கட்சியின் அரிசோனா செனட்டர் பேரி கோல்ட்வாட்டர் 1964 அதிபர் தேர்தலில் ஆறே மாநிலங்களில் ஜெயித்தார். எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சி அதிபர் லிண்டன் ஜான்சனுக்கு 61 சதவீத வாக்கு. பழமைவாதத்தின் கதை முடிந்தது என்றுதான் அன்று பலரும் நினைத்தார்கள். ஆனால் கோல்ட்வாட்டருக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள் ஓயவில்லை. தெற்குக் கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுன்டி போன்ற புறநகர்களில் இல்லத்தரசிகளும், ராணுவத் தளவாட நிறுவனங்களில் வேலை பார்த்தவர்களும் தொடர்ந்து கூடிப் பேசினார்கள். ரிச்சர்ட் விகரி என்ற இளைஞர் கோல்ட்வாட்டருக்கு நன்கொடை தந்தவர்களின் பெயர், முகவரிகளை ஆயிரக்கணக்கில் திரட்டினார். பின்னாளில் தபால் வழியாகவே நிதி சேர்க்கும் பெரிய ஏற்பாடு அதிலிருந்து வளர்ந்தது. தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு கோல்ட்வாட்டருக்காகத் தொலைக்காட்சியில் பேசிய நடிகர் ரீகன், 1966-இல் கலிபோர்னியா ஆளுநர் தேர்தலில் வென்றார். வெற்றி பெற்ற ஆண்டுகளை மட்டும் கோத்துப் படிப்பவருக்கு இந்த உழைப்பெல்லாம் கண்ணில் படாது.

அடுத்த தவறு, இயக்கமும் குடியரசுக் கட்சியும் ஒன்று என்று நினைப்பது. பழமைவாத எழுத்தாளர் வில்லியம் பக்லி 1955-இல் ‘நேஷனல் ரிவ்யூ’ இதழைத் தொடங்கியபோது வெள்ளை மாளிகையில் இருந்தவர் குடியரசுக் கட்சியின் ஐசன்ஹோவர். ரூஸ்வெல்ட் காலத்து நலத்திட்டங்களை அவர் தொடர்ந்தது அந்த இதழுக்குப் பிடிக்கவில்லை. அதே கட்சியின் அதிபர் நிக்சன் 1971-இல் விலைக்கும் கூலிக்கும் கட்டுப்பாடு போட்டார். 1976-இல் ரீகன் தன் கட்சியின் அதிபரான ஃபோர்டையே எதிர்த்து நின்று, கொஞ்ச வித்தியாசத்தில்தான் வேட்பாளர் வாய்ப்பை இழந்தார். இது முதலில் கட்சிக்குள் நடந்த சண்டை.

சொற்களிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நமக்குத் ‘தாராளமயம்’ என்றால் சந்தையைத் திறந்துவிடுவது. அமெரிக்காவில் ‘லிபரல்’ என்றால் பெரும்பாலும் அரசு தலையிட வேண்டும், நலத்திட்டம் வேண்டும் என்பவர். அங்கே சந்தையைத் திறந்துவிடச் சொல்பவர்தான் பழமைவாதி. ‘தாராளவாதி’ என்று மொழிபெயர்த்துவிட்டு விளக்காமல் போனால் கட்டுரையே தலைகீழாகிவிடும்.

நிறவெறி பற்றிய பகுதியில்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். நிறப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964 குடிமை உரிமைகள் சட்டத்தைக் குடியரசுக் கட்சி எதிர்த்தது என்பது தவறு. செனட்டில் அக்கட்சியின் 33 பேரில் 27 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்த ஆறு பேரில் கோல்ட்வாட்டர் ஒருவர். இது அரசியலமைப்பை மீறும் சட்டம் என்பது அவர் சொன்ன காரணம். சரி, அதோடு விட்டுவிடலாமா? முடியாது. சொந்த மாநிலம் போக அவர் வென்ற ஐந்தும், கறுப்பின மக்களின் வாக்குரிமையை நெடுங்காலம் நசுக்கிய தென் மாநிலங்கள். பக்லியின் இதழும் 1957-இல் தெற்கின் வெள்ளையர் ஆதிக்கத்தை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது. இதை மறைத்து எழுதுவது கறுப்பின மக்களுக்குச் செய்யும் அநியாயம். அதே சமயம், இது ஒன்றே காரணம் என்று முடித்துவிட்டால் கம்யூனிச எதிர்ப்பும், 1978-இல் கலிபோர்னியா வாக்காளர்கள் சொத்து வரிக்குக் கடிவாளம் போட்ட ‘முன்மொழிவு 13’-ம் விளங்காமல் போகும். தெற்கும் ஒரே இரவில் கட்சி மாறிவிடவில்லை. 1976-இல்கூட வர்ஜீனியா தவிர்த்த பழைய தெற்கு முழுக்க ஜனநாயகக் கட்சியின் கார்ட்டருக்கே போனது.

அப்புறம் மதம். 1973-இல் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பை அனுமதித்ததும் எவாஞ்சலிக்கர்கள் (பைபிளையே முழு ஆதாரமாகக் கொள்ளும் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள்) உடனே பொங்கி எழுந்தார்கள் என்று எழுதுகிறார்கள். தொடக்கத்தில் உரக்க எதிர்த்தவர்கள் கத்தோலிக்கர்கள். எவாஞ்சலிக்கர்களின் பெரிய சபையான தெற்கு பாப்டிஸ்ட் சபை 1971-இல் சில சூழல்களில் கருக்கலைப்பை ஏற்றுத் தீர்மானமே போட்டிருந்தது. போதகர் ஜெர்ரி ஃபால்வெல்லின் ‘மாரல் மெஜாரிட்டி’ என்ற அரசியல் அமைப்பு பிறந்தது 1979-இல். இடைப்பட்ட ஆண்டுகளில், பெண்களுக்கான சம உரிமைத் திருத்தத்துக்கு எதிராக ஃபிலிஸ் ஷ்லாஃப்லி திரட்டிய பெண்களையும், மதம் சார்ந்த தனியார் பள்ளிகளின் வரிவிலக்கு பற்றிய தகராறையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஃபால்வெல்லின் அமைப்பு 1980-இல் தோற்கடிக்கப் பாடுபட்ட கார்ட்டரும், ஞாயிறு பள்ளியில் பைபிள் பாடம் நடத்திய ஒரு தெற்கு பாப்டிஸ்ட்.