ஏர் ஃப்ரையரில் ஃப்ரோசன் சமோசா, பப்ஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ரம்ஜான் மாதத்தில் ஒரு சாயங்காலம், தண்டையார்பேட்டையில் எங்கள் மாடி வீட்டு அக்கா தட்டைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு கீழே வந்தார். நோன்பு திறக்க அரைமணி நேரம்தான் இருந்தது. தட்டில் 18 கைமா சமோசா. சிலது கருகியிருந்தது, சிலது மாவு வெளுத்தபடியே கிடந்தது. ஒன்றைப் பிட்டுப் பார்த்தேன், நடுவில் ஜில்லென்று இருந்தது.

"புது மெஷினும்மா. 200-ல வச்சேன். மேல இருந்தது கருகிப் போச்சு, உள்ள ஐஸா கீது. இன்னா பண்றது இப்ப?" என்றார்.

பாதியை எங்கள் ஏர் ஃப்ரையரிலும் பாதியை அவருடையதிலும் பரப்பி, சூட்டை 160-க்கு இறக்கி, பத்து நிமிடம் வைத்து எடுத்தோம். கருகியதைத் தவிர மற்றவை தேறிவிட்டன. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் ஏர் ஃப்ரையர் வாங்கிய நாலைந்து வீட்டில் இதே கதையைப் பார்த்துவிட்டேன். அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

இந்த மெஷினுக்குள் மேலே ஒரு சூட்டுக் கம்பிச்சுருள், அதற்கு மேல் ஒரு விசிறி. விசிறி சூடான காற்றைக் கூடைக்குள் வேகமாகச் சுற்ற வைக்கிறது. சமோசாவின் மேல் இருக்கும் ஈரத்தை அந்தக் காற்று அடித்துக்கொண்டு போனால்தான் மாவு மொறுமொறுப்பாகும். காற்றுக்கு வழி இல்லாவிட்டாலும், ஈரம் அளவுக்கு மீறி இருந்தாலும் காரியம் கெட்டுவிடும். நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில்தான் போய் முடிகின்றன.

முதலாவது, கூடையை ரொப்புவது. எண்ணெய்ச் சட்டியில் சமோசா மிதக்கும், எல்லாப் பக்கமும் எண்ணெய் தொடும். கூடையில் அப்படி இல்லை. ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் மேலே இருப்பது கம்பிக்குக் கிட்டப் போய்க் கருகும், அடியில் இருப்பது ஆவியில் வேகும். அக்காவின் தட்டில் பார்த்தது அதைத்தான். 4 லிட்டர் கூடையில் ஏழெட்டு சின்ன சமோசா, ஒரே அடுக்காக, நடுவில் விரல் நுழைகிற இடைவெளி விட்டு வையுங்கள். 18 சமோசா என்றால் மூன்று தடவை. நோன்பு திறக்கும் நேரத்துக்கோ விருந்தாளி வரும் நேரத்துக்கோ வேண்டுமென்றால் முக்கால் மணி நேரம் முன்பே ஆரம்பித்துவிடுங்கள். கடைசி ஈடு வெந்ததும், முதலில் எடுத்தவற்றை இரண்டு நிமிடம் திரும்பக் காட்டினால் போதும்.

கூடையின் அடியில் அலுமினியத் தாளை முழுசாக விரிப்பதும் காற்றை அடைப்பதுதான். கழுவுகிற வேலை மிச்சம் என்று செய்கிறோம், அடிப்பக்கம் சொதசொதத்துப் போகிறது. பட்டர் பேப்பர் போடுவதானால் ஓட்டை போட்டதாக, கூடையின் அளவுக்குள் இருக்கட்டும். வெறும் பேப்பரை மட்டும் உள்ளே வைத்துச் சூடு பண்ணவே கூடாது. கனம் இல்லாததால் காற்றில் எழும்பிக் கம்பியில் ஒட்டித் தீப்பிடிக்கும்.

இரண்டாவது, சூட்டை ஏற்றினால் சீக்கிரம் வெந்துவிடும் என்ற நினைப்பு. ஃப்ரீசரில் இருந்து வரும் சமோசா மைனஸ் 18 டிகிரியில் இருக்கும். அதன் உள்ளே இருக்கும் பனி கரைவதற்கே நிறையச் சூடு வேண்டும். 0 டிகிரியில் இருக்கும் பனியைத் தண்ணீராக்கத் தேவைப்படும் சூடு, அதே தண்ணீரை 80 டிகிரிக்குக் கொண்டுபோகத் தேவைப்படும் சூட்டுக்குச் சமம். மேல் மாவுக்கு அந்தக் கஷ்டம் இல்லை, நேரே சிவக்க ஆரம்பித்துவிடும். நீங்கள் 200 வைத்தால் வெளியே இருப்பது ஓடிவிடும், உள்ளே இருப்பது கிளம்பவே கிளம்பாது. மெல்லிய மாவுப் பட்டியில் மடித்த வெங்காய சமோசாவுக்கு 180-ல் எட்டிலிருந்து பத்து நிமிடம் எனக்குச் சரியாக வருகிறது. தடித்த மாவில் உருளைக்கிழங்கு அடைத்த பெரிய சமோசாவை 170-ல் 15 நிமிடத்துக்கு மேல் விட வேண்டியிருக்கிறது. பாக்கெட்டில் ஓவனுக்கான சூடும் நேரமும் மட்டும் போட்டிருந்தால் 15, 20 டிகிரி குறைத்து வைத்து, சொன்ன நேரத்துக்கு முன்பே திறந்து பாருங்கள்.

அப்படியானால் முதலிலேயே வெளியே எடுத்து இளக வைத்துவிடலாமே என்று தோன்றும். அதைச் செய்யாதீர்கள். சமோசாவும் ஸ்பிரிங் ரோலும் இளகினால் உள்ளே இருக்கும் தண்ணீர் மாவில் இறங்கிவிடும், நம் ஊர்ப் புழுக்கத்தில் வெளிக்காற்றின் ஈரமும் அதன் மேல் வியர்த்து நிற்கும். பட்டி கிழிந்து கூடையில் ஒட்டிக்கொள்ளும். ஃப்ரீசரிலிருந்து நேரே கூடைக்குப் போகட்டும். மேலே படிந்த பனிப்பொடியை மட்டும் தட்டிவிடுங்கள்.

பப்ஸ் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். பப்ஸ் மாவு என்பது மாவும் கொழுப்பும் மாறி மாறி மடித்த அடுக்கு. சூட்டில் மாவில் உள்ள தண்ணீர் ஆவியாகி ஒவ்வொரு அடுக்கையும் மேலே தூக்குகிறது. பேக்கரி முட்டை பப்ஸ் இதழ் இதழாக உதிர்வது அதனால்தான். வெண்ணெய் 35 டிகிரிக்குள் உருகிவிடும். மே மாத மதியத்தில் வடசென்னைச் சமையலறை அந்தச் சூட்டைத் தாண்டியே இருக்கும். மேடையில் வைத்த பப்ஸின் கொழுப்பு அங்கேயே உருகி மாவில் ஊறிவிட்டால் அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும், பிறகு எத்தனை நேரம் வைத்தாலும் ரொட்டி மாதிரிதான் வரும். உறைந்தபடியே, ஐந்து நிமிடம் முன்சூடு பண்ணிய கூடையில், 180-ல் வையுங்கள். மேலே பொன்னிறம் வந்ததும் 160-க்கு இறக்கி, உள்ளடுக்கு வேகும்வரை விடுங்கள். அது நன்றாக உப்பும், மேலே இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நகெட்ஸைக் குலுக்குவது போலப் பப்ஸைக் குலுக்கினால் நொறுங்கும். இடுக்கியால் ஒரு தடவை திருப்பினால் போதும்.

எண்ணெயே வேண்டாம் என்பது அடுத்த தவறு. பப்ஸுக்கு வேண்டாம்தான், கொழுப்பு உள்ளேயே இருக்கிறது. ஸ்பிரிங் ரோல், பட்டி சமோசா அப்படியல்ல. பொரிக்காமல் உறைய வைத்தது என்றால் மேலே எண்ணெய்ப் பசையே இருக்காது. காற்றில் மாவு காய்ந்து, வெள்ளைத் திட்டு விழுந்து, கடித்தால் தோல் மாதிரி இருக்கும். எட்டு சமோசாவுக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெயை பிரஷ்ஷால் தடவுங்கள். டப்பாவில் அடைத்த ஸ்ப்ரே எண்ணெய் வேண்டாம். அதில் சேர்க்கும் லெசித்தின் என்ற பொருள் நான்ஸ்டிக் பூச்சில் பிசின் போலப் படிந்துவிடும்.

கைமாவோ கோழியோ உள்ளே இருந்தால் நிறத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். இறைச்சியின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும். இருப்பதில் தடிமனான ஒன்றைப் பிட்டு நடுவைச் சோதியுங்கள். ஆவி பறக்க வேண்டும், வேகாத சிவப்பு துளியும் இருக்கக் கூடாது. குழந்தைகளுக்கும் வயசானவர்களுக்கும் கொடுக்கிறோம், இதில் அவசரமே கூடாது.

வாங்குகிற இடத்திலேயே நடக்கும் தவறும் உண்டு. எம்.சி. ரோட்டில் துணி எடுக்கப் போகிறவர்கள் ஃப்ரோசன் பாக்கெட்டை முதலில் வாங்கி, பையில் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் சுற்றுகிறார்கள். அதைக் கடைசியாக வாங்குங்கள். பாக்கெட்டுக்குள் சமோசாக்கள் ஒட்டி ஒரே கட்டியாக இருந்தால், கரண்ட் போய் இளகி மறுபடி உறைந்ததாக இருக்கலாம். அதை எடுக்காதீர்கள்.

பிளக்கையும் பார்க்க வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கத்துப் பழைய வீடுகளில் சமையலறையில் சின்ன 6 ஆம்பியர் பிளக் பாயிண்ட் மட்டும்தான் இருக்கும். 230 வோல்ட்டில் அது தாங்குவது 1,380 வாட்ஸ். ஏர் ஃப்ரையர் பலதும் 1,400, 1,500 வாட்ஸ் இழுக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கன்வெர்ட்டர் பிளக் போட்டுச் செருகினால் பிளாஸ்டிக் உருகும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, அதற்கேற்ற ஒயரோடு 16 ஆம்பியர் பாயிண்ட் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். மெஷினின் பின்பக்கம் சுவரிலிருந்து அரை அடியாவது தள்ளி இருக்கட்டும், சூட்டுக் காற்று அந்த வழியாகத்தான் வெளியேறும்.

எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, கடைசியில் சூடாக இருக்கட்டும் என்று ஹாட் பாக்ஸில் போட்டு மூடிவிடுகிறோம். எனக்கு மனசு வலிக்கும் இடம் இது. உள்ளிருந்து வரும் ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகி, ஐந்தே நிமிடத்தில் எல்லாம் நமுத்துப்போகும். இட்லித் தட்டைக் கவிழ்த்து அதன் மேல் வையுங்கள், குழிகளில் உள்ள ஓட்டை வழியாக அடியிலும் காற்று போகும். இந்த ரம்ஜானுக்கு மாடி வீட்டு அக்கா அப்படித்தான் வைத்திருந்தார். பாங்கு சொல்லி நோன்பு திறந்த பிறகு ஒன்றை எடுத்துக் கடித்தார், எதிரில் உட்கார்ந்திருந்த எனக்கே அந்தச் சத்தம் கேட்டது.