தொழில்சார் பாதுகாப்புச் சேவை வாங்கும்போது முதலாளிமார் விடும் பிழைகள்

கொழும்பில் ஒரு நிறுவனம் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சேவையைத் தேடத் தொடங்குவது பெரும்பாலும் ஐஎஸ்ஓ 45001 என்ற சர்வதேசத் தொழில் பாதுகாப்புத் தரச் சான்றிதழுக்காக, அல்லது வெளிநாட்டு வாங்குநர் கேட்டதற்காக, அல்லது ஒருவர் அடிபட்ட பிறகு. எப்படியும் அவசரம்தான். அந்த அவசரத்தில் சேவையை முதலில் வாங்கிவிட்டு, தங்கள் வேலைத்தலத்தில் என்ன ஆபத்து இருக்கிறது என்று பிறகுதான் பார்க்கிறார்கள். மிச்சப் பிழைகள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

மருத்துவப் பரிசோதனையையே எடுங்கள். சீனி, கொலஸ்ட்ரோல், ஈசீஜி என்று ஒரு பொதியை வாங்கி, கணக்காளருக்கும் வெல்டிங் வேலை செய்பவருக்கும் ஒன்றாகவே செய்விப்பார்கள். கெட்ட காரியம் இல்லை, ஆனால் தொழில் தரும் நோயை அது காட்டாது. பற்றரி உருக்கும் இடத்தில் பார்க்க வேண்டியது இரத்தத்தில் ஈயம். கல் வெட்டும் இடத்தில் நெஞ்சு எக்ஸ்ரேயும் மூச்சளவைப் பரிசோதனையும். தின்னர் புழங்கும் அச்சகத்தில் சிறுநீர்.

நேரமும் முக்கியம், அதைக் கேட்பவர் குறைவு. தின்னரில் பெரும்பாலும் இருக்கும் தொலுயீன் என்ற கரைப்பானின் வெளிப்பாட்டுக்கான சிறுநீர் மாதிரியை வேலைமுறை (ஷிஃப்ட்) முடியும்போது எடுக்க வேண்டும். காலையில் எடுத்தால் அன்றைய வெளிப்பாடு தெரியாது. காது கேட்டல் பரிசோதனைக்கு நேர்மாறு. முதல் அடிப்படைப் பரிசோதனைக்கு முன் குறைந்தது 14 மணித்தியாலம் இரைச்சலுக்கு வெளியே இருந்திருக்க வேண்டும். பேலியகொடைத் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்க, மத்தியானம் வாசலுக்குப் பரிசோதனை வாகனத்தைக் கூப்பிட்டு வரிசையில் நிற்கவைத்தால், தற்காலிகமாக மந்தமான காதைத்தான் அளப்பீர்கள். வரும் வருட அறிக்கையை எதோடு ஒப்பிடுவது? திங்கட்கிழமை காலை, வேலை தொடங்க முன் செய்வதே நல்லது. இன்னொன்று, ஊழியரின் முழு மருத்துவ அறிக்கை மனிதவளப் பிரிவின் அலுமாரிக்குப் போகக்கூடாது. அந்த வேலைக்குத் தகுதியா, என்ன கட்டுப்பாடு வேண்டும் என்பது மட்டும் நிறுவனத்துக்குப் போதும். விவரம் ஊழியருக்கும் மருத்துவருக்கும் உரியது.

அடுத்தது, மாஸ்க்கும் காதடைப்பானும் வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்ற எண்ணம். என்95 மாஸ்க் தூசியைத் தடுக்கும்; தின்னர் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரிம ஆவிக்குரிய வடிகட்டி வேண்டும், அதையும் பாவிக்காத வேளையில் காற்றுப் புகாத பையில் மூடிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் மேசையில் கிடந்தபடியே தீர்ந்துபோகும். தாடி உள்ளவருக்கு முகத்தோடு ஒட்டும் மாஸ்க் பொருந்தாது. 30 டெசிபெல் குறைக்கும் காதடைப்பானை வேலை நேரத்தில் பாதி கழற்றி வைத்தால், கிடைக்கும் பாதுகாப்பு ஏறத்தாழ 3 டெசிபெல்தான். அதனால் காதடைப்பானுக்கு முன் இயந்திரத்தின் இரைச்சலைக் குறைக்கப் பாருங்கள்: தளர்ந்த மூடியை இறுக்குவது, ரப்பர் தாங்கி வைப்பது, கம்பிரஸரைச் சுவருக்கு அப்பால் தள்ளுவது. கைநீட்டும் தூரத்தில் நிற்பவரோடு கத்திப் பேச வேண்டியிருந்தால், அளவுமானி வர முன்னரே, காதுக்குக் கேடு தரத் தொடங்கும் 85 டெசிபெலைத் தாண்டியிருக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உயிர் போகும் பிழை வேறிடத்தில் இருக்கிறது: அடுக்குமாடிகளின், ஹோட்டல்களின் நிலக்கீழ்த் தளத்தில் உள்ள கழிவுநீர்க் குழி. பம்ப் அடைத்தால் ஒப்பந்தக்காரரின் பையன் ஒருவனை இறக்குவார்கள். அழுகிய முட்டை மணம் போய்விட்டது, அதனால் பயமில்லை என்பது மிக ஆபத்தான நம்பிக்கை. அந்த மணத்தைத் தரும் ஹைட்ரஜன் சல்பைட்டு அதிகமானால் மூக்கு அதை உணர்வதை நிறுத்திவிடும். காற்றை விடப் பாரமான வாயு என்பதால் அடியில்தான் தங்கும். குழியின் வாய்ப்பகுதியில் மட்டும் அளவுமானியை நீட்டிப் பயனில்லை. மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் அளக்க வேண்டும். முதலில் ஒட்சிசன் (19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள்), பிறகு எரியும் வாயு, பிறகு நச்சு வாயு. இறங்குபவருக்கு உடற்பட்டியும் கயிறும், மேலே அவரைத் தூக்கும் கருவியோடு ஒருவர் காவலும். உள்ளே ஒருவர் விழுந்தால் மேலே நிற்பவர் குதிக்கக்கூடாது. அப்படிக் குதித்தவர்களே பல இடங்களில் இரண்டாவது, மூன்றாவது சடலங்கள். 110 க்கும் (தீயணைப்பு) 1990 க்கும் (அம்புலன்ஸ்) அழைக்கும் பயிற்சி மேலே நிற்பவருக்குத்தான் முதலில் தேவை. அந்தப் பயிற்சி வேலை செய்பவரின் மொழியில் நடக்க வேண்டும். ஆங்கில ஸ்லைடைக் காட்டிக் கையொப்பம் வாங்கினால் உங்கள் கோப்பு மட்டும்தான் நிறையும்.

தீயணைக்கும் கருவியில் சின்ன விஷயம் ஒன்று: காபனீரொட்சைட்டு உருளையில் பெரும்பாலும் அழுத்தமானி இருக்காது. எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். “முள் பச்சையில் இருக்கு” என்று எல்லாவற்றுக்கும் சரி போட்டிருந்தால், பரிசோதித்தவர் உருளையைத் தொடவே இல்லை.

சட்டத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் பெரிய ஆலைகளுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். அச்சகம், சலவை நிலையம், வாகனத் திருத்தகம் போன்றவையும் அதற்குள் வரக்கூடியவை. விபத்தில் ஒருவர் இறந்தாலோ, தான் செய்துவந்த வேலையில் முழுச் சம்பளம் உழைக்க முடியாமல் மூன்று நாளுக்கு மேல் போனாலோ, மாவட்டத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். “தான் செய்துவந்த வேலை” என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கை நசுங்கிய இயந்திர இயக்குநரை மறுநாளே கூப்பிட்டு வாசலில் வருகைப் பதிவேடு எழுத வைத்தால், அறிவிக்கும் கடமை இல்லாமல் போகாது. ஆளனுப்பும் நிறுவனத்தினூடாக வந்தவர் அடிபட்டாலும், “எங்கள் ஆள் இல்லை” என்பது நட்டஈட்டுக் கோரிக்கையில் எடுபடும் என நம்பியிருக்க வேண்டாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட முன்னர், அவருக்குக் காப்புறுதி யார் எடுத்திருக்கிறார்கள் என்று அத்தாட்சியைக் கேட்டு வாங்குங்கள்.