எத்தனை ஸ்தாயி என்று எண்ணுவதற்கு முன்

செங்கோட்டையில் பாட்டு ரசிகர்கள் நான்கு பேர் கூடினால் எஸ்.ஜி.கிட்டப்பாவின் பேச்சு வராமல் போகாது. எங்கள் ஊர்க்காரர். ஒலிபெருக்கி இல்லாத நாடக மேடையில் உச்சக் குரலில் பாடிப் பெயர் பெற்றவர். 1933-இல், 27 வயதிலேயே மறைந்துவிட்டார். "அவருக்கு நான்கு ஸ்தாயி பேசும்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். (ஸ்தாயி என்பது ஒரு ஸ-விலிருந்து அடுத்த ஸ வரையுள்ள சுர அளவு.) தவறு அங்கேதான் நுழைகிறது. பாடுகிறவர் அடிப்படையாக வைத்துக்கொள்ளும் சுருதி உயரமாக இருப்பது வேறு, குரலின் வீச்சு அகலமாக இருப்பது வேறு. சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற அளவில் சொல்வோம். உயர்ந்த சுருதியான ஐந்து கட்டையில் கணீரென்று பாடுகிறவருக்குக் கீழே இருக்கும் மந்திர ஸ்தாயியில் குரல் நிற்காமல் போகலாம். ஒன்றரைக் கட்டைக்காரர் இரண்டரை ஸ்தாயியை அலட்டாமல் கடந்து வரலாம். எந்தக் கட்டை என்பது நாம் எங்கே நின்று பாடுகிறோம் என்பதைத்தான் சொல்லும்.

அடுத்து, எண்களை அப்படியே நம்புவது. ஒரு ஸ்தாயி ஏறினால் அதிர்வு இரட்டிக்கிறது. ஐந்து ஸ்தாயி என்றால் அடிச்சுரத்தைவிட 32 மடங்கு. குவீன் என்ற ராக் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரிக்கு நான்கு ஸ்தாயி என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்தது. 2016-இல் ஆய்வாளர்கள் அவருடைய பதிவுகளை அளந்தபோது 37 அரைச்சுரங்கள்தான் (ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு) உறுதியாயின; மூன்று ஸ்தாயிக்குச் சற்று மேல். அதனால் அவர் பாட்டில் ஒரு குன்றிமணி அளவுகூடக் குறையவில்லை. நம் கர்நாடகக் கச்சேரி பெரும்பாலும் கீழ் ஸ்தாயியின் 'ப'வான மந்திர பஞ்சமத்திலிருந்து மேல் ஸ்தாயியின் 'ப'வான தார பஞ்சமம் வரை, இரண்டு ஸ்தாயிக்குள் நடக்கிறது. அதற்குள் எவ்வளவு பெரிய உலகம்!

தொண்டையிலிருந்து வரும் எல்லா ஒலியையும் சுரமாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது. டிம் ஸ்டார்ம்ஸ் என்ற அமெரிக்கர் 2012-இல் 0.189 ஹெர்ட்ஸ் வரை இறங்கி கின்னஸில் இடம்பிடித்தார். நொடிக்கு ஓர் அதிர்வுகூட இல்லை. மனிதக் காதுக்கோ ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் கேட்காது. அது உடலின் சாதனை. அதைப் பாட்டின் வீச்சு என்று நான் ஏற்க மாட்டேன். அமெரிக்கப் பாப் பாடகி மரியா கேரியின் விசில் போன்ற உச்ச ஒலி அப்படியல்ல. அவர் அதைப் பாட்டுக்குள்ளேயே வைத்துப் பாடுகிறார். எனவே எண்ணலாம், ஆனால் இயல்புக் குரலோடு கலக்காமல் தனியாக எண்ண வேண்டும். குரலை மெலிதாக்கி மேலே பாடும் பொய்க்குரலுக்கும் இதே கணக்குதான்.

என்னை உண்மையில் வருத்துவது வேறொன்று. கேரள எல்லையில் இருக்கும் புளியரைக்கு இந்தப் பக்கம் கொடை விழாக் கச்சேரி, அந்தப் பக்கம் ஆரியங்காவைத் தாண்டினால் கோயில் திருவிழாவில் கானமேளா என்ற மெல்லிசைக் கச்சேரி என்று இரவிரவாகப் பாடும் பிள்ளைகள் இங்கே நிறைய. யேசுதாஸ் பாட்டென்றால் குரல் கீழே இறங்க வேண்டும். அடுத்த பாட்டிலேயே உச்சிக்குப் போக வேண்டும். "ஒரிஜினல் சுருதியில் பாடினால்தான் பாடகன்" என்ற வீம்பில் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறார்கள். பதினெட்டு வயதில் நானும் அப்படித்தான் தார பஞ்சமத்தை எட்டிப் பிடிக்கப் போய், இரண்டு மாதம் குரல் உடைந்து கிடந்தேன். கீபோர்டில் ஒரு கட்டை இறக்கிக்கொள்வதில் எந்த இழுக்கும் இல்லை. வார்த்தை தெளிவாக, மெல்லிய குரலிலும் பாட முடிகிற சுரம் எதுவோ அதுவரைதான் உங்கள் எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியில் அது மெல்ல நகரும். கரகரப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் மிளகுக் கஷாயத்தோடு நின்றுவிடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை மேடை வேண்டாம்.