மாற்று ஈர்ப்புக் கோட்பாடுகளில் நியூட்ரான் விண்மீன் குளிர்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்துறைக்குப் புதிதாக வருவோரின் கணிப்பு நிரல்களைப் படிக்கும்போதெல்லாம் என் பழைய பிழைகளையே மீண்டும் காண்கிறேன். அலகுக் குழப்பம் போன்றவை தாமே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

அமைப்பை மாற்றிவிட்டுச் செம்பெயர்ச்சியை மறத்தல்

பொதுச் சார்பியலுக்கென எழுதப்பட்ட குளிர்வு நிரலை எடுத்து, விண்மீனின் உள்ளமைப்பைத் தரும் அதன் டோல்மன்–ஒப்பன்ஹைமர்–வோல்காஃப் சமன்பாடுகளுக்குப் பதிலாகப் புதிய கோட்பாட்டின் சமன்பாடுகளை வைத்தால் வேலை முடிந்தது என்றே முதலில் தோன்றும். ஆனால் ஈர்ப்பு இக்கணக்கில் இரண்டாம் முறையும் நுழைகிறது. உள்ளகம் வெப்பச் சமநிலையை அடைந்த பின் எங்கும் ஒரே மதிப்பாக இருப்பது, அந்தந்த இடத்து வெப்பநிலையைச் செம்பெயர்ச்சிக் காரணியால் (ஈர்ப்பால் ஒளியின் ஆற்றல் தொலைவில் எத்தனை மடங்காகக் குறைந்து தெரியும் என்பதைக் கூறும் எண்) பெருக்கிக் கிடைக்கும் அளவே. அக்காரணியை மேற்பரப்பில், வெளியேயுள்ள வெற்றிடத்துக்குப் பொதுச் சார்பியல் தரும் ஷ்வார்ட்ஸ்சைல்ட் தீர்வோடு பொருத்தி நிர்ணயிப்பது வழக்கம், 1.4 சூரிய நிறையும் 12 கி.மீ. ஆரமும் கொண்ட விண்மீனின் மேற்பரப்பில் அது 0.81. பொதுச் சார்பியலோடு வெளி-கால வளைவு எண்ணின் வர்க்கத்தைச் சேர்க்கும் கோட்பாட்டில் இந்தப் பொருத்தம் செல்லாது. அங்கே கூடுதலாக வரும் ஸ்கேலார் புலம் (இடத்துக்கு இடம் ஓர் எண்ணை மட்டும் கொண்ட புலம்) மேற்பரப்போடு நில்லாமல் வெளியிலும் தொடர்ந்து தேய்வதால், மேற்பரப்பில் கணக்கிடும் நிறையும் தொலைவிலிருந்து அளக்கும் நிறையும் வேறுவேறு.

இது சிறு பிழையன்று. நியூட்ரினோக்களை வெளியேற்றி உள்ளகத்தைக் குளிர்விக்கும் மாற்றியமைந்த உர்கா வினையின் நியூட்ரினோ உமிழ்வு வெப்பநிலையின் எட்டாம் அடுக்கில் ஏறுவதால், செம்பெயர்ச்சிக் காரணி 5 சதவீதம் குறைந்தாலே, தொலைவில் அளக்கும் வெப்பநிலை மாறாத நிலையில், நியூட்ரினோ ஒளிர்வு 36 சதவீதம் கூடிவிடும்.

நான் இதில் நான்கு மாதங்களை இழந்தேன். என் குளிர்வு வளைகோடு காசியோப்பியா ஏ சூப்பர்நோவா எச்சத்திலுள்ள நியூட்ரான் விண்மீனின் அளவீட்டை அழகாகத் தொட்டுச் சென்றதால் ஐயம் எழவேயில்லை. கோட்பாட்டின் மாறிலிக்கு வரம்பு கூறும் கட்டுரையையும் பாதி எழுதிவிட்டேன். மாறிலியைச் சுழியமாக்கினால் பொதுச் சார்பியலின் விடை வருகிறதா என்று சோதித்தேன், வந்தது. வராமல் எப்படி இருக்கும்? நான் மாற்றாமல் விட்ட சூத்திரம் அந்த எல்லையில் மட்டும் சரியானது. இன்றும் அதே சோதனையைச் சான்றாகக் காட்டி வருவோரைக் கண்டால் எரிச்சல் வருகிறது.

உருப்படியான சோதனை வேறு. பருப்பொருள் மெட்ரிக்கோடு (வெளி-காலத் தொலைவுகளைத் தரும் புலம்) மட்டும் பிணைந்துள்ள கோட்பாடுகளில், அழுத்தச் சரிவை அடர்த்தி, அழுத்தம் இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்துக் குறி மாற்றித் தொகையிட்டால், ஒரு மாறிலியைத் தவிர, செம்பெயர்ச்சிக் காரணியின் மடக்கை கிடைத்தாக வேண்டும். அந்த மாறிலியைப் புலம் தேய்ந்து முடியும் தொலைவில்தான் நிர்ணயிக்க வேண்டும். மேலுறையின் அடிவெப்பநிலையை மேற்பரப்பு வெப்பநிலையோடு இணைக்கும் 1983ஆம் ஆண்டின் குட்மண்ட்சன்–பெத்திக்–எப்ஸ்டைன் தொடர்பில் வரும் ஈர்ப்பு முடுக்கத்தையும் இதே சார்பிலிருந்தே எடுங்கள்.

ஒரே நிறையை வைத்து முடிவு கூறுதல்

மியூவான்கள் இல்லாத நிலையில், மாற்றியமைந்த வினையைவிடப் பன்மடங்கு விரைவாகக் குளிர்விக்கும் நேரடி உர்கா வினை தொடங்கப் புரோட்டான் பங்கு ஏறக்குறைய 11 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். அது எந்த அடர்த்தியில் நிகழும் என்பதைத் தீர்மானிப்பது, அழுத்தத்தை அடர்த்தியோடு இணைக்கும் நிலைச் சமன்பாடு. எந்த நிறையுள்ள விண்மீனின் மையம் அவ்வடர்த்தியை எட்டும் என்பதில்தான் ஈர்ப்புக் கோட்பாட்டுக்கும் பங்குண்டு. 1.4 சூரிய நிறையில் வேறுபாடே தெரியாமல், சற்றுக் கூடிய நிறையில் குளிர்வு திடீரெனப் பன்மடங்கு விரைவாகலாம். நிலைச் சமன்பாட்டை மாற்றினாலும் இதே பெயர்ச்சி நிகழும் என்பதால், பல சமன்பாடுகளோடு ஓட்டிப் பார்க்காமல் ஈர்ப்பின்மேல் பழி போடாதீர்கள்.

சட்டகங்களைக் கலத்தல்

ஒரே கோட்பாட்டை, பருப்பொருள் மெட்ரிக்கோடு மட்டும் பிணையும் ஜோர்டான் சட்டகத்திலும், ஸ்கேலார் புலத்தோடும் பிணையும் ஐன்ஸ்டைன் சட்டகத்திலும் எழுதலாம். வெப்பநிலையும் அடர்த்தியும் ஜோர்டான் சட்டகத்துக்கு உரியவை.

சுழற்சி வயதை நம்புதல்

1ஈ 1207.4-5209 என்னும் நியூட்ரான் விண்மீனின் சுழற்சி வயது (சுழற்சி மெதுவாகும் வீதத்திலிருந்து கணிப்பது) சுமார் 30 கோடி ஆண்டுகள். அதைச் சூழ்ந்துள்ள சூப்பர்நோவா எச்சத்தின் வயதோ சில ஆயிரம் ஆண்டுகள்தாம்.