வீணை வாங்கும்போது யாளியின் வர்ணத்தைப் பார்த்து ஒதுக்காதீர்கள்

மயிலாப்பூர் பக்கம் வீணை பார்க்கப் போகிறவர்கள் சிலர், வீணையின் நுனியில் தங்க வர்ணம் அடித்த யாளி முகமும் பளிச்சென்ற பிளாஸ்டிக் பூவேலையும் கண்ணை உறுத்துகிறது என்று ஒரு தந்தியைக்கூட மீட்டாமல் திரும்பிவிடுகிறார்கள். நல்ல நாதமுள்ள வீணை இப்படிக் கைநழுவிப் போவது வருத்தமாக இருக்கிறது.

யாளி முகம் பெரும்பாலும் தனியாகச் செதுக்கிப் பொருத்துவதுதான். வேறு வர்ணம் அடித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். பூவேலையும் அலங்காரம்தான்.

ஆனால் குடத்தின் (ஒலி எழும் உருண்டைப் பகுதி) மேல்பலகையில் வார்னிஷ் தடிமனாக ஏறியிருந்தால் யோசியுங்கள். பலகை தாராளமாக அதிர்ந்தால்தான் கார்வை, அதாவது மீட்டிய ஒலியின் நீட்சி, நிற்கும். முதல் தந்தியான சாரணியை மீட்டிவிட்டு, ஒலி அடங்கும்வரை பொறுமையாகக் கேளுங்கள். தண்டி (வீணையின் நீண்ட கழுத்துப் பகுதி) வளைந்திருந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். அப்புறம் தண்டியின் மேல் குறுக்கே உள்ள 24 மெட்டுகளிலும் வாசித்துப் பாருங்கள். மெட்டுகள் மெழுகில் பதித்தவை, சென்னை வெயிலில் இளகி நகரக்கூடும். சுருதி சற்று விலகியிருந்தால் மேளம் கட்டி, அதாவது மெட்டுகளை மெழுகில் மறுபடி பதித்து, சரிசெய்துகொள்ளலாம்.

கிட்டார் வாங்குகிறவர்களுக்கும் ஒன்று: கழுத்துப் பகுதியில் கண்ணாடி போன்ற பாலிஷ் இருந்தால், நம் ஊர் வியர்வையில் கை ஒட்டும். கடையின் ஏசியில் அது தெரியாது. மேட் பூச்சுள்ளதையும் கேட்டு வாசித்துப் பாருங்கள்.