இங்கிலாந்தில் சிவப்பு ஒயினுக்குத் திராட்சை வைக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

கென்ட், எசெக்ஸ் பக்கம் புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். நாங்கள் தொடங்கிய காலத்தில் இடறிய அதே இடங்களில்தான் இவர்களும் இடறுகிறார்கள். களை, முயல் தொல்லையெல்லாம் ஒரே வருடத்தில் தானாகப் புரிந்துவிடும். மற்றதைச் சொல்கிறேன்.

குளோன் எதுவென்று கேட்காமல் கன்று வாங்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. கன்றில் பினோ நுவார் என்ற கருந்திராட்சை ரகத்தின் சீட்டு தொங்கினால் எல்லாம் ஒன்றுதான் என நினைக்கிறார்கள். அந்த ஒரு ரகத்துக்குள்ளேயே ஏகப்பட்ட குளோன்கள், அதாவது ஒரு தாய்க்கொடியிலிருந்து அப்படியே பெருக்கிய உட்பிரிவுகள், உண்டு. இந்த நாட்டில் விளையும் பினோ நுவாரில் பெரும்பகுதி குமிழ் விடும் ஸ்பார்க்ளிங் ஒயினுக்குத்தான் போகிறது. அதற்குப் பெரிய குலை, நல்ல விளைச்சல் தரும் குளோன் போதும். புளிப்பு இருக்கும்போதே பறித்து, தோலின் சாயம் இறங்காமல் மெதுவாகப் பிழிந்துவிடுவார்கள். சிவப்பு ஒயினுக்கு நேர் எதிர். சாறு தோலோடு ஊற வேண்டும், நிறமும் துவர்ப்பும் அந்தத் தோலிலிருந்துதான் வர வேண்டும். அதனால்தான் சின்னக் குலை தரும் 115, 667, 777 என்று எண்ணிட்ட, பிரான்ஸின் பர்கண்டி பகுதிக் குளோன்களைத் தேடுகிறோம்.

எனக்குத் தெரிந்த ஒருவர் சிவப்பு மட்டுமே செய்வது என்ற முடிவோடு இருந்தார். குளிர்காலக் கடைசியில் ஒரு நர்சரிக்குப் போன் செய்து, கையிருப்பில் இருந்ததை வாங்கி நட்டுவிட்டார். எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. மூன்றாம் வருடம் முதல் அறுவடை: வெளிறிய நிறம், மெலிந்த புளிப்பு. முதலில் மழையைக் குறை சொன்னார், பிறகு ஈஸ்டை மாற்றினார், அப்புறம் புது ஓக் பீப்பாய் வாங்கினார். பாதிக் குலைகளை வெட்டிப் போட்டபோது கொஞ்சம் தேறியது, ஆனால் அந்த விளைச்சலில் கூலிகூடக் கட்டவில்லை. இப்போது பழத்தை ஸ்பார்க்ளிங் செய்பவருக்கு விற்கிறார். பல பத்தாண்டுகள் நிற்கக்கூடிய கொடி, ஒரு கேள்வி கேட்காததால் வீணானது!

ஒரு வருடத்துக்கு முன்பே ஆர்டர் கொடுங்கள். கேட்ட குளோனை, கேட்ட வேர்ச்செடியில் (வேருக்காக மட்டும் வளர்க்கும் அடிக்கொடி) ஒட்டித் தருவார்கள். சுண்ணாம்பு மண்ணாக இருந்தால் ஃபெர்கால் அல்லது 41பி வேர்ச்செடி கேளுங்கள், இல்லையென்றால் இலை மஞ்சளாகிவிடும். குளோன், வேர்ச்செடி இரண்டின் பெயரையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காபர்னே சாவின்யோன் ரகத்தை நடுவது

திறந்த வெளியில் வேண்டாம். பழுக்காது.

ரோண்டோ ரகத்தை இளக்காரமாகப் பார்ப்பது

சீக்கிரம் பழுக்கும், சதையிலேயே சிவப்பு உண்டு. நிறம் குறைந்த ஒயினோடு கலக்க நல்ல துணை.

சரிவின் அடிவரை நடுவது

குளிர்காற்று இரவில் கீழே வழிந்து தேங்கும். அடியில் அடர்த்தியான வேலி இருந்தால் அணை கட்டியதுபோல் நின்றுவிடும். 2017 ஏப்ரல் கடைசியில் அடித்த உறைபனியில் பல தோட்டங்களில் தளிர் கருகியது. வேலியில் இடைவெளி விடுங்கள், அடி வரிசைகளை மறந்துவிடுங்கள்.

சர்க்கரை அளவை மட்டும் பார்த்துப் பறிப்பது

சர்க்கரை குறைந்தால் நொதிக்கும்போது சேர்க்கலாம், சட்டம் ஓரளவுக்கு அனுமதிக்கிறது. பச்சைத் துவர்ப்பை எடுக்க வழியில்லை. விதையைக் கடித்துப் பாருங்கள்: பழுப்பாகி, மொறுமொறுப்பாக உடைய வேண்டும்.

அழுகிய குலையையும் தொட்டியில் போடுவது

வெள்ளை ஒயினில் உடனே பிழிந்து ஓரளவு தப்பிக்கலாம். சிவப்பில் பூசணம் பிடித்த தோலும் சேர்ந்து ஊறுகிறது, அதிலுள்ள நொதி நிறத்தைப் பழுப்பாக்கிவிடும். குலையைச் சுற்றியுள்ள இலைகளைக் கோடையிலேயே கிள்ளி, காற்றோட்டம் விடுங்கள். அக்டோபரில் பறிக்கும் ஆட்களுக்குக் கத்தரியோடு ஒரு தனி வாளியும் கொடுங்கள், அழுகலைக் கொடியடியிலேயே பிரித்துவிடலாம்.