ஓசார்க் ஆற்றில் ஸ்மால்மவுத் பிடிக்கப் போகிறீர்களா? 6 மைலுக்கு மேல் போகாதீர்கள்

முதல் தடவை அமெரிக்காவின் ஓசார்க் மலைப் பக்கம் ஃப்ளோட் ட்ரிப், அதாவது கேனூ என்கிற சிறு துடுப்புப் படகில் ஆற்றோடு மிதந்து ஸ்மால்மவுத் பாஸ் மீன் பிடிக்கப் போகிறவர்கள் செய்கிற தப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: தூரம். கேனூ வாடகைக்குக் கொடுக்கிற இடத்தில் எந்த இடத்தில் இருந்து எந்த இடத்துக்கு எத்தனை மைல் என்று எழுதி வைத்திருப்பார்கள்; செயின்ட் லூயிஸில் இருந்து ஏறக்குறைய மூன்று மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறோம், கொடுக்கிற காசுக்கு நிறைய ஆறு பார்த்துவிடலாமே என்று இருப்பதிலேயே பெரிய எண்ணைக் காட்டிவிடுவோம். நானும் அப்படித்தான் காட்டினேன். காலையில் இறங்கியதில் இருந்து, இருட்டுவதற்குள் கரை சேர வேண்டுமே என்ற ஒரே நினைப்பில் துடுப்பு போட்டோம். அன்றைக்குத் தூண்டில் வீசிய தடவைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மீன் இருந்த இடங்களை எல்லாம் வேகமாகத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தோம் என்பது இரண்டு மூன்று பயணம் முடிந்த பிறகுதான் புரிந்தது. ஆற்றைப் பார்ப்பதற்காக மட்டும் போகிறீர்கள் என்றால் 12 மைல் போங்கள். மீன் பிடிக்க என்றால் ஒரு நாளைக்கு 6 மைல் போதும்.

எந்த ஆறு? மிசூரி மாநிலத்தின் தெற்கில் இருக்கிற ஜாக்ஸ் ஃபோர்க்கையும் கரன்ட் ஆற்றையும் வைத்தே சொல்கிறேன். இரண்டையும் சேர்த்து 134 மைல் நீளத்துக்கு 1964-ல் தேசியப் பூங்காத் துறையின் பாதுகாப்பில் கொண்டுவந்தார்கள், அதனால் அங்கே அணை கிடையாது. சுண்ணாம்புப் பாறை நிலம், மழைநீர் உள்ளே இறங்கி வேறெங்கோ ஊற்றாகப் பொங்கி வரும். ஆலி ஸ்பிரிங் என்ற ஒரு ஊற்றில் மட்டும் நாளொன்றுக்குச் சராசரியாக 30 கோடி லிட்டர் தண்ணீர் வந்து ஜாக்ஸ் ஃபோர்க்கில் சேர்கிறது. அதன் பக்கத்தில் 1894-ல் கட்டிய சிவப்பு மாவு மில் இன்னும் நிற்கிறது, போனால் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே இறங்கி எமினன்ஸ் ஊர் வரை வந்தால் சரியாக 6 மைல் அளவில் இருக்கும், முதல் பயணத்துக்கு இதைவிட நல்ல துண்டு எனக்குத் தெரியவில்லை. மறுநாளும் இருந்தால் எமினன்ஸில் இருந்து, இரண்டு ஆறும் கூடுகிற டூ ரிவர்ஸ் வரை போகலாம். ஆலிக்கு மேலே ஜாக்ஸ் ஃபோர்க் குறுகலாக, இரண்டு பக்கமும் செங்குத்தான பாறையோடு மிக அழகாக இருக்கும், ஆனால் கோடையில் தண்ணீர் குறைந்து படகைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிவரும். கரன்ட் ஆற்றின் மேல்பகுதி ஊற்றுத் தண்ணீரால் ரொம்பக் குளிர்ந்து கிடக்கும், அது ட்ரவுட் மீனுக்கான இடம். ஸ்மால்மவுத் வேண்டுமானால் கீழே வர வேண்டும்.

மீனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கே தேடுவது என்பது அதில்தான் இருக்கிறது. வெண்கலமும் பச்சையும் கலந்த நிறம், உடம்பில் மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டைகள், பல மீன்களுக்குக் கண் சிவப்பாக இருக்கும். வாயை மூடியிருக்கும்போது மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போகாது, இதன் இனத்து லார்ஜ்மவுத் மீனுக்குப் போகும். ஓடுகிற தண்ணீரும் கல்லும் இருக்கிற இடம்தான் இதற்கு வீடு. முக்கியமான சாப்பாடு க்ரேஃபிஷ், அதாவது பெரிய இறால் மாதிரி உடம்பும் நண்டு மாதிரி கொடுக்கும் உள்ள நன்னீர்ப் பிராணி, இந்த ஆறுகளில் கல்லைப் புரட்டினாலே ஓடும். க்ரேஃபிஷ் கல்லுக்கு அடியில் இருக்கும், ஆகவே மீன் கல்லுக்குப் பக்கத்தில் இருக்கும். இன்னொன்று, இது மெதுவாக வளர்கிற மீன். ஓசார்க் ஆறுகளில் 12 அங்குலம் ஆவதற்கே நாலைந்து வருஷம் பிடிக்கும். உங்கள் கையில் 18 அங்குலத்தில் ஒன்று துள்ளினால், ஏறக்குறைய பத்து வருஷம் வெள்ளத்துக்கும் நாரைக்கும் நீர்நாய்க்கும் தப்பிப் பிழைத்து வந்த மீன் அது என்று நினைத்துக்கொள்ளுங்கள். நான் ஒன்றைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. சாப்பிட வேண்டுமென்றால் ஊர்க்காரர்கள் காகிள்-ஐ என்று சொல்கிற ராக் பாஸ் அதே இடத்தில் கிடைக்கும், அதற்கும் அளவும் எண்ணிக்கையும் உண்டு, பார்த்துக்கொண்டு எடுங்கள்.

ஃப்ளோட் ட்ரிப் என்பதே மெதுவாகப் போவதற்காக வந்த பழக்கம்தான். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரத்துக்காரர்கள் ரயிலில் கலீனா என்ற ஊருக்கு வந்து, ஜேம்ஸ் ஆற்றிலும் வைட் ஆற்றிலும் ஜான்போட் என்கிற தட்டையான அடிப்பாகமுள்ள நீள மரப்படகில் பிரான்சன் வரை மிதந்து போவார்கள். வளைந்து வளைந்து நூறு மைலுக்கு மேல், ஐந்து நாள் அளவில் ஆகும். உள்ளூர்க்காரர் ஒருவர் பின்னால் உட்கார்ந்து படகைப் பிடித்துக்கொள்வார், ராத்திரி கூழாங்கல் திட்டில் அவரே சமைப்பார். 1958-ல் டேபிள் ராக் அணை கட்டி முடித்ததும் அந்த ஆற்றின் பெரும்பகுதி ஏரிக்குள் போய்விட்டது. ஜாக்ஸ் ஃபோர்க்கில் மிதக்கும்போது எனக்கு அது ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

சரி, எப்போது போவது? ஜூன் முதல் அக்டோபர் வரை நல்ல காலம். ஜூலை, ஆகஸ்ட் சனி ஞாயிறுகளில் ரப்பர் ட்யூபும் பாட்டும் கூச்சலுமாக ஆறு நிரம்பி வழியும், அந்த நாட்களில் மீன் பிடிக்கிற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். செவ்வாய், புதனில் லீவு போட்டுப் போனால் அதே ஆறு உங்களுடையது. செப்டம்பர் கடைசியில் வார இறுதியே பரவாயில்லை. கிளம்புவதற்கு முதல் நாள் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் இணையதளத்தில் ஆலி ஸ்பிரிங், எமினன்ஸ் இரண்டு இடத்து நீர்மட்ட அளவியையும் பாருங்கள். எண் எவ்வளவு என்பதைவிடக் கோடு மேலே போகிறதா கீழே வருகிறதா என்பது முக்கியம். ஏறுகிற தண்ணீர் என்றால் போகாதீர்கள். மழை நின்று, மட்டம் இறங்கி, தண்ணீர் லேசான பச்சை நிறத்துக்குத் திரும்பும் நாள் இருக்கிறதே, அதுதான் நாள்.

கருவிகளுக்கு நிறையச் செலவு செய்ய வேண்டாம். ஆறரை அடி ஸ்பின்னிங் கம்பு, நடுத்தர அளவு ரீல், 6 அல்லது 8 பவுண்டு இழுவை தாங்கும் தூண்டில் நரம்பு. தண்ணீர் பளிங்கு மாதிரி இருப்பதால் தடித்த நரம்பு போட்டால் மீன் விலகிவிடும். இரைக்கு க்ரேஃபிஷ் மாதிரி இருக்கிற மென்மையான பிளாஸ்டிக் ட்யூப், பழுப்பிலும் கரும்பச்சையிலும். எட்டில் ஒரு அவுன்ஸ் ஈயத்தலை முள். மேலே மிதந்து களக் களக்கென்று சத்தம் போடுகிற பாப்பர் இரண்டு. சுழலும் தகடு வைத்த ஸ்பின்னர் ஒன்று. இவ்வளவுதான் என் பெட்டியில். முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கிற சிறு கூரை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள், மீனை விடுவது சுலபமாகும், உங்கள் விரலில் ஏறினாலும் எடுப்பது சுலபமாகும். காலுக்குச் செருப்பு போதாது, நனைந்தாலும் பரவாயில்லை என்கிற பழைய ஷூ. அப்புறம் போலரைஸ்டு கண்ணாடி. அது இல்லாமல் தண்ணீருக்குள் கல் தெரியாது, கல் தெரியாவிட்டால் மீனும் இல்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கேனூ உங்களை இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வண்டி, அவ்வளவுதான். பெரும்பாலான மீனைத் தண்ணீரில் இறங்கி நின்றுதான் பிடிப்பீர்கள். ஆழமில்லாமல் கல்மேல் சலசலத்து ஓடுகிற இடத்தை அங்கே ரிஃபிள் என்பார்கள். அது முடிந்து தண்ணீர் ஆழமாகி அடுத்த மடுவாக மாறுகிற இடம் வரும், இடுப்பளவு ஆழம், அடியில் தலையணை அளவுக் கற்கள். அந்த இடத்தைக் கண்டதும் அதன் நடுவே மிதந்து போய்விடாதீர்கள். மேலேயே ஒதுக்கி, படகைக் கூழாங்கல் திட்டின்மேல் பாதிக்கு மேல் இழுத்துப் போட்டுவிட்டு, கரையோரமாகக் கீழே நடந்து போய், மடுவின் அடிப்பக்கத்தில் இருந்து மேலே பார்த்து வீசிக்கொண்டே வாருங்கள். மீன் நீரோட்டத்தை எதிர்த்துத்தான் முகம் வைத்து நிற்கும், நீங்கள் பின்னால் இருந்து வருவது தெரியாது. வேகமான தண்ணீரும் மெதுவான தண்ணீரும் உரசிக்கொண்டு ஓடுகிற ஒரு கோடு தெரியும், இரையை அந்தக் கோட்டுக்கு மேலே போட்டு, நரம்பை லேசாக இழுத்துப் பிடித்தபடி, க்ரேஃபிஷ் உருண்டு வருவதுபோலக் கல்லில் தட்டித் தட்டி வர விடுங்கள். நீங்கள் அதிகம் ஆட்ட வேண்டாம், தண்ணீரே ஆட்டும்.

கடி எப்படி இருக்கும் என்று கேட்பார்கள். வெடுக்கென்று இழுப்பது சில நேரம்தான். பல நேரம் கல்லில் தட்டிக்கொண்டு வந்தது நின்றுபோகும், அல்லது நரம்பு தண்ணீருக்கு எதிர்த் திசையில் நகரும். சந்தேகம் வந்தால் உடனே கம்பைத் தூக்குங்கள். முள் ஏறியதும் அது தண்ணீரைவிட்டு மேலே குதிக்கும், அப்போது கம்பு நுனியைத் தாழ்த்துங்கள், தலையை ஆட்டி முள்ளை உதற அதற்கு வாய்ப்புக் கொடுக்காதீர்கள்.

வெயில் ஏறியதும் நிழல் எந்தப் பக்கம் என்று பார்த்து அந்தப் பக்கமே போங்கள். உயரமான பாறைச் சுவரின் அடியில், மேலிருந்து உடைந்து விழுந்த பெரிய கற்கள் கிடக்கும் இடம் நடுப்பகலிலும் கொடுக்கும். வேரோடு சாய்ந்த மரத்தின் கீழ்ப்பக்கமும் நல்ல இடம், ஆனால் அங்கே எச்சரிக்கை வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன். மணல் படிந்த வெறும் தரையில் நேரத்தை வீணாக்க வேண்டாம். காலையில் பனிமூட்டம் விலகும் முன்னும், சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிய பிறகும் பாப்பரைப் போட்டு, அலை அடங்கும்வரை அசைக்காமல் வைத்திருந்து ஒரே ஒரு தடவை சுண்டிப் பாருங்கள். அந்தச் சத்தத்தோடு மீன் மேலே வந்து அடிக்கிறதைப் பார்க்கத்தான் நான் மூன்று மணி நேரம் கார் ஓட்டுகிறேன்.

படகில் இருந்தே வீச வேண்டிய நீளமான மடுக்களும் வரும். அங்கே ஒருவர் துடுப்பு, ஒருவர் தூண்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள், அரை மணிக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். துடுப்புக்காரரின் வேலை படகை முன்னால் தள்ளுவது இல்லை, பின்னோக்கித் துழாவித் தண்ணீரைவிட மெதுவாகப் போக வைப்பது. நங்கூரத்தை ஓட்டமுள்ள தண்ணீரில் போடாதீர்கள், கயிறு இறுகினால் படகு ஒரு நொடியில் கவிழும்.

இந்த ஆறுகளில் ஆளைக் கொல்வது ஆழம் இல்லை, மரம்தான். வளைவின் வெளிப்பக்கத்தில் மரம் விழுந்து கிடக்கும், தண்ணீர் கிளை வழியாகப் போய்விடும், படகும் ஆளும் போக முடியாது, சல்லடையில் சிக்கியதுபோல அழுத்திப் பிடித்துக்கொள்ளும். வளைவு வருமுன்னே உள்பக்கத்துக்கு வந்துவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் இறங்கிப் படகைப் பிடித்துக்கொண்டு நடந்து போங்கள். மோதப் போகிறோம் என்றால் மரத்தின் பக்கம் சாய வேண்டும், பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால் தண்ணீர் உள்ளே ஏறிப் படகு புரளும். விழுந்துவிட்டால் மல்லாந்து, காலை முன்னால் நீட்டி மிதந்து போங்கள். ஓடுகிற தண்ணீரில் எழுந்து நிற்க முயன்றால் கால் கல்லிடுக்கில் மாட்டும். ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் சட்டப்படியே கட்டாயம், நான் சொல்வது எல்லாரும் போடுங்கள். நம்மவர்களில் நீச்சல் தெரியாதவர்கள் நிறைய, முழங்கால் தண்ணீர்தானே என்று கழற்றி வைப்பதைப் பார்த்திருக்கிறேன், அடுத்த வளைவில் பத்தடி இருக்கும்.

சட்ட விஷயம் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன். மிசூரியில் வசிப்பவர்களுக்கு 16 வயது முதல் 64 வரை மீன்பிடி அனுமதிச் சீட்டு வேண்டும், வெளி மாநிலத்தவருக்கு 64-க்கு மேலும் வேண்டும், ஆன்லைனில் கிடைக்கும். மிசூரி ஆற்றுக்குத் தெற்கே பெரும்பாலான ஆறுகளில் மார்ச் முதல் மே பிற்பகுதி வரை பாஸ் பிடித்தால் விட்டுவிட வேண்டும். அது முட்டையிடும் காலம், ஆண் மீன்தான் கூழாங்கல்லில் குழி பறித்து முட்டையைக் காவல் காக்கும், அதைத் தூக்கிவிட்டால் மற்ற மீன்கள் நிமிஷத்தில் காலி செய்துவிடும். மற்ற மாதங்களில் பொதுவாக 12 அங்குலத்துக்குக் குறைந்ததை வைத்துக்கொள்ள முடியாது, சில பகுதிகளில் 15 அங்குலம், நாளுக்கு ஒன்று மட்டும். அந்த வருஷத்து விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். கண்ணாடி பாட்டில் ஆற்றுக்குக் கொண்டுபோகக் கூடாது. பாதுகாக்கப்பட்ட பகுதிக்கு வெளியே ஓடுகிற ஆறுகளில் கரை தனியார் நிலமாக இருக்கலாம். அங்கே மிதக்கலாம், தண்ணீரில் நடக்கலாம், மீன் பிடிக்கலாம் என்று 1954-ல் மெராமெக் ஆற்று வழக்கில் மிசூரி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, அதனால்தான் நாம் எல்லாரும் இன்று போக முடிகிறது. ஆனால் கரை ஏறி ஒருவருடைய வயலுக்குள் போக அந்தத் தீர்ப்பு இடம் தரவில்லை.

ராத்திரி கூழாங்கல் திட்டில் தங்குகிறீர்கள் என்றால் கூடாரத்தைத் தண்ணீரைப் பார்த்தாற்போல் அழகான இடத்தில் போடாமல், திட்டின் உயரமான மூலையில் போடுங்கள், பின்னால் மேட்டுக்கு ஏற வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். நீங்கள் இருக்கிற இடத்தில் ஒரு சொட்டு மழை இல்லாமலே மேலே பெய்த மழையில் ஆறு ஏறும். 2017 ஏப்ரல் கடைசியில் வான் ப்யூரன் ஊரில் கரன்ட் ஆறு 37 அடிக்கு ஏறியது. சாதாரண மழைக்கே இரண்டு அடி ஏறினால் படகு போய்விடும், ஆகவே ராத்திரி அதை மரத்தில் கட்டுங்கள்.

பிடித்த மீனைக் கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், உடம்பில் உள்ள வழுவழுப்புப் போனால் அதற்கு நோய் வரும். படம் எடுக்க வேண்டுமானால் கேமராவைத் தயார் செய்துவிட்டுத் தண்ணீரில் இருந்து தூக்குங்கள். திரும்ப விடும்போது தூக்கிப் போடாமல், ஓட்டத்துக்கு எதிராக முகம் வைத்து, அதுவாகக் கையில் இருந்து நழுவிப் போகும்வரை பிடித்திருங்கள்.

எமினன்ஸ் பாலம் கண்ணுக்குத் தெரிந்ததும் எல்லாரும் தூண்டிலைச் சுருட்டிவிடுவார்கள். நீங்கள் சுருட்டாதீர்கள். காலையில் இருந்து 6 மைல்தான் வந்திருக்கிறீர்கள், நேரம் இருக்கிறது. வாடகைப் படகுகள் பெரும்பாலும் ஐந்து மணிக்குள் கரை ஏறிவிடும், அதற்கப்புறம் ஓர் அரை மணி நேரம் ஆறு அமைதியாகும், பகலெல்லாம் கலைந்து போயிருந்த மீன் திரும்ப நிழலோரம் வந்து நிற்கும். பாப்பரைக் கட்டி, கடைசி ரிஃபிளுக்குக் கீழே இறங்கி நில்லுங்கள்.